புதுப்பிப்பு: சர்ச் வளாகத்தில் கிறிஸ்துமஸ் சந்தை போட்டாச்சு

பெரம்பூரில் எங்க சர்ச் வளாகத்தில் அக்கம்பக்கத்தார் எல்லாருக்குமாக ஒரு கிறிஸ்துமஸ் சந்தை போடலாமா, 'மதம் மாத்தக் கூப்பிடறாங்க'ன்னு நினைச்சுடுவாங்களா என்று போன மாசம் கேட்டிருந்தேன். போட்டாச்சு.

மதப் பிரசாரக் கைப்பிரதி கொடுக்க வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு நன்றி. கமிட்டிப் பெரியவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் இயேசு பிறப்பைக் காட்டும் குடிலும் பாடகர் குழுவும் போதும் என்று ஒத்துக்கொண்டார்கள். குடில் முன்னாடி நின்று 'ஒட்டகம் ஏன் வந்துச்சு?' என்று பிள்ளைகள் கேட்டால் பதில் சொன்னோம், அவ்வளவுதான்.

கடைகளைச் சபையாருக்கு மட்டும் கொடுக்கவில்லை. சர்ச்சில் நடக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் சபையார் நாமே பொருள் கொடுத்து நாமே வாங்குவோம்; இதுவும் அப்படி ஆகிவிடக் கூடாதே! பக்கத்துத் தெரு சுயஉதவிக் குழு அக்காக்கள் கொழுக்கட்டை போட்டார்கள். ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி ஒருவர் கல்கல் என்ற பொரித்த இனிப்பும் ரோஸ் குக்கியும் கொண்டுவந்தார். 'இது நம்ம அச்சுமுறுக்குதானே, முட்டை உண்டா?' என்று ஒரு மாமி கேட்டதும், எல்லாத் தட்டிலும் 'முட்டை உண்டு' அல்லது 'முட்டை இல்லை' என்று சீட்டு ஒட்டினோம். அதற்குப் பிறகுதான் விற்பனை சூடுபிடித்தது.

நடுவில் மழை. டிசம்பர் சென்னை, வேறென்ன? கிறிஸ்துமஸ் ஸ்டார் விற்ற கடையை மட்டும் ஹாலுக்குள் தூக்கினோம்.

வண்டி நிறுத்த இடம்தான் போதவில்லை. அடுத்த வருஷத்துக்குப் பக்கத்துப் பள்ளி மைதானத்தைக் கேட்டிருக்கிறோம்.