1934-ல் திறந்த வீட்டுக்கு 300 வயசா?

மணல்மேட்டான்:
அமெரிக்காவின் வர்ஜீனியாவில், பிரிட்டிஷ் காலனிக் கால ஊரை மீட்டெடுத்துத் திறந்தவெளி அருங்காட்சியகமாக வைத்திருக்கும் வில்லியம்ஸ்பர்க் போய்வந்த வாசுகி அவர்களின் பயணக் கட்டுரை இரண்டு நாளாக இங்கே ஓடுகிறது. அதில் ஒரு வரி: "300 வருடப் பழைய ஆளுநர் மாளிகைக்குள் கால் வைத்ததும் மெய்சிலிர்த்தது." எனக்கும் சிலிர்த்தது, ஆனால் வேறு காரணத்துக்கு. அந்த மாளிகை 1781 டிசம்பரில் எரிந்து சாம்பலானது. இப்போது நிற்பது அமெரிக்கக் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லர் பணத்தில் எழுப்பி 1934-ல் திறந்தது. என் தாத்தாவுக்குக் கல்யாணமான வருஷம். அவரை யாரும் தொல்பொருள் என்று சொன்னதில்லை.

வாசுகி:
கட்டுரை முழுக்கப் படித்தீர்களா, அந்த ஒரு வரியோடு நிறுத்திவிட்டீர்களா? நுழைகிற கூடத்தில் சுவர் கொள்ளாமல் துப்பாக்கியும் வாளும், கோலம் போட்ட மாதிரி வட்டம் வட்டமாக மாட்டியிருப்பதை எழுதியிருக்கிறேன். வருகிறவனை மிரட்டத்தான் அப்படி. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பழைய அஸ்திவாரத்தைத் தோண்டி அதன் மேலேயே கட்டியிருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தில் கிடைத்த, மாளிகையைக் காட்டும் செப்புத் தகட்டுப் படம் இருந்தது, அங்கே ஆளுநராக இருந்து பிறகு ஜனாதிபதியான ஜெஃபர்சன் தன் கையால் போட்ட தரைத்தள வரைபடம் இருந்தது. மனம்போன போக்கில் கட்டியதல்ல.

மணல்மேட்டான்:
படம் பார்த்துக் கட்டினால் அதற்குப் புதுவீடு என்று பெயர். 1934.

டீக்கடை பெஞ்ச்:
அண்ணே, அந்த ஊரில் அசல் கட்டடமே 89 இருக்கு. புரூட்டன் தேவாலயமும் வெடிமருந்துக் கிடங்கும் 1715. அதையெல்லாம் விட்டுட்டு ஒரே வீட்டைப் பிடிச்சுக்கிட்டு ஏன் தொங்கணும்?

மணல்மேட்டான்:
அக்கா மெய்சிலிர்த்தது தேவாலயத்தில் என்று எழுதியிருந்தால் முதல் கைதட்டு என்னுடையது. சிலிர்த்தது மாளிகையில். முதல் ஜனாதிபதி வாஷிங்டன் பிறந்த வீடு என்று வர்ஜீனியாவின் போப்ஸ் க்ரீக்கில் 1931-ல் ஒன்று கட்டினார்கள். பிறகு தோண்டிப் பார்த்தால் அசல் அஸ்திவாரம் தள்ளி வேறு இடத்தில் கிடக்கிறது. அங்கேயும் போய் நாலு பேர் சிலிர்த்திருப்பார்கள்.

வாசுகி:
நான் உங்களுக்கு அக்கா இல்லை. பாஸ்டனில் விடுதலைப் போர் வீரர் பால் ரெவியர் வீட்டை "கலப்படமில்லாத அசல்" என்று போன வருஷம் இதே இடத்தில் எழுதியது யார்? 1680 வாக்கில் கட்டிய வீடு. ரெவியர் 1770-ல் வாங்கியபோது முன்பக்கம் மூன்றாவது தளமும் இருந்தது. 1908-ல் மக்களுக்குத் திறப்பதற்கு முன் அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். இப்போது ரெவியர் எழுந்து வந்தால் தன் வீடு எது என்று பக்கத்துக் கடையில் விசாரிப்பார். அது அசல், இது டூப்பா?

மணல்மேட்டான்:
அங்கே மரச்சட்டம் பழசு. இங்கே எது பழசு? தோட்டத்தில் செடிவேலியால் ஆன ஒரு புதிர்ப்பாதை இருக்கிறதே, அதுகூட லண்டன் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையைப் பார்த்து 1930-களில் வைத்தது. எதைத் தொட்டாலும் 1930.

தறி:
செங்கல்லுக்கு இவ்வளவு சண்டையா? அந்த ஊரில் அன்று பாதிக்கு மேல் கறுப்பின மக்கள், பெரும்பாலும் அடிமைகள். 1979 வரை அவர்கள் கதையைச் சொல்ல அங்கே முறையான ஏற்பாடே இல்லை. 1994-ல் அடிமை ஏலத்தை நடித்துக் காட்டியபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. கறுப்பினக் குழந்தைகள் படித்த பிரே பள்ளிக் கட்டடத்தை 2023-ல் அப்படியே வண்டியில் ஏற்றி நகர்த்திக் கொண்டுவந்தார்கள். 1760-ஆம் ஆண்டுக் கட்டடம். கட்டுரையில் இதில் ஒரு வரியாவது உண்டா?

வாசுகி:
இரண்டாம் பாகத்தில் வரும். ஒரே பதிவில் எல்லாவற்றையும் கொட்ட முடியாது.

தறி:
மாளிகை மட்டும் முதல் பாகத்தில் வந்துவிடும். தெரிந்ததுதான்.

மணல்மேட்டான்:
பிரே பள்ளி அசல். ஒத்துக்கொள்கிறேன். மாளிகை 1934.

டீக்கடை பெஞ்ச்:
என் பையன் அங்கே செங்கல் களத்தில் கால்சட்டையைச் சுருட்டிக்கிட்டு வெறுங்காலோடு களிமண் மிதிச்சான். அச்சில் அடிச்சு வெயிலில் காயவச்சிருந்ததைக் காட்டினாங்க. சூளை வைக்கிறது இலையுதிர் காலத்திலாம். ரெண்டு நாள் அவன் நகக்கண்ணை விட்டு மண் போகலை. அவனுக்கு உங்க 1934 எல்லாம் தெரியாது.

மணல்மேட்டான்:
அந்தச் செங்கல் எந்த வருஷத்தியது? இந்த வருஷத்தியது. என் கட்சிக்கு ஆள் சேர்த்ததற்கு நன்றி.

கோட்டைவாசல்:
தாமதமாக வந்தேன். மாளிகை எரிந்தபோது அது ஆஸ்பத்திரி. அமெரிக்க விடுதலைப் போரின் யார்க்டவுன் சண்டையில் காயம்பட்ட அமெரிக்க வீரர்கள் உள்ளே படுத்திருந்தார்கள். அந்தச் சண்டையில் வாஷிங்டனிடம் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ்தான் பிறகு நம் பக்கம் வந்து, 1792-ல் திப்புவின் இரண்டு மகன்களைப் பணயமாகப் பிடித்துப் போனவர். சிலை சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

மணல்மேட்டான்:
சரணடைந்தார் என்றால்? அன்றைக்கு அவர் களத்துக்கே வரவில்லை. உடம்பு சரியில்லை என்று தன் துணைத் தளபதி ஓஹாராவை அனுப்பினார்.

கோட்டைவாசல்:
படை அவருடையது, தோல்வி அவருடையது. யார் நடந்து போனால் என்ன?

மணல்மேட்டான்:
வரலாற்றில் யார் நடந்து போனார் என்பதுதான் முக்கியம்.

கோட்டைவாசல்:
திப்பு தொடர்பான இழையிலும் இப்படித்தான் என்னை ஒரு வாரம் அலைக்கழித்தீர்கள். இன்னும் மறக்கவில்லை.

வாசுகி:
அப்படிக் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் செத்தவர்களை அந்தத் தோட்டத்திலேயே புதைத்தார்கள். 1930-ல் தோண்டியபோது 150 உடலுக்கு மேல் கிடைத்தது. நான் சிலிர்த்தது அந்த மண்ணில் நின்று. அந்த எலும்பும் 1934-ல் திறந்ததா?

மணல்மேட்டான்:
கல்லறை பழசு, மறுக்கவில்லை. நீங்கள் எழுதியது "மாளிகைக்குள்". கல்லறை வெளியே தோட்டத்தில். உங்கள் கட்டுரையை நீங்களே ஒருமுறை படியுங்கள்.

தறி:
பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

வாசுகி:
அந்த வரியை மாற்ற மாட்டேன். இரண்டாம் பாகத்தில் மாளிகைக்கு இன்னும் ஒரு பத்தி கூடுதலாக வரும்.

டீக்கடை பெஞ்ச்:
வர்ற மாசம் மச்சான் குடும்பம் போகுது. டிக்கெட் எடுக்காம சுத்திப் பார்க்க முடியுமா, யாராவது சொல்லுங்கப்பா.

மணல்மேட்டான்:
தெருவில் நடக்கக் காசு இல்லை. கட்டடங்களுக்குள் போகத்தான் டிக்கெட். மாளிகைக்கும் அதே டிக்கெட்தான், 1934-ஐப் பார்க்க ஆசையிருந்தால்.