மீனும் களியும் பீரும்: ஒரு வழி சொல்லுங்களேன்

தர்மபுரிக்காரர்களே, ஒரு உதவி வேண்டும். அடுத்த வாரம் சென்னையிலிருந்து மச்சான் குடும்பத்தோடு வருகிறார். போகிற ஊரில் என்ன சமைக்கிறார்களோ அதைத்தான் சாப்பிடுவேன் என்கிற ஆள். முதல் நாள் எங்கள் வீட்டிலேயே ராகிக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு. அதற்குக் கவலை இல்லை, அம்மா துடுப்பைப் பிடித்தால் ஒரு கட்டி விழாது, சூடு ஆறுவதற்குள் கையை நனைத்து நனைத்து உருட்டி வைத்துவிடுவார்.

மறுநாள் ஒகேனக்கல். மீன் வாங்கிக் கொடுத்தால் அங்கேயே சமைத்துத் தரும் அக்காக்களில், காரம் குறைத்துக் குழம்பு வைப்பவர் யார்? மச்சானின் சின்னப் பெண்ணுக்குக் காரம் ஆகாது. பென்னாகரம் வழியில் காலையில் நல்ல கம்மங்கூழ் கிடைக்குமா?

அப்புறம் மச்சானுக்கு கிராஃப்ட் பீர், அதாவது சிறிய அளவில் காய்ச்சுகிற பீர் மேல் ஆசை, அதுவும் ஈஸ்ட்டிலிருந்தே வாழைப்பழ வாசனை வருமே, அந்தக் கோதுமை பீர். நம் டாஸ்மாக்கில் அதைத் தேடுவது வீண், ஓசூர் தாண்டி பெங்களூர்தான். இந்திரா நகர் வரை போனால் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலிலேயே தாகம் அடங்கிவிடும், அதனால் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கமே அங்கேயே பீர் காய்ச்சும் இடம் இருந்தால் சொல்லுங்கள். வண்டி ஓட்டுவது நான், எனக்குச் சாப்பாடு நன்றாக இருந்தால் போதும்.