மறுமொழி: ‘மச் பிற்’ என்பதற்குத் தமிழ் – ‘ஆட்டப்பதம்’ சரிவருமா?

எல்லோருக்கும் வணக்கம்.

இந்த இழை மூன்று நாளாக ஓடுகிறது. அதில் இரண்டு நாள் ‘உடற்தகுதி’ சரியா, ‘உடற்றகுதி’ சரியா என்பதிலேயே போய்விட்டது. கல்லும் தூணும் சேர்ந்தால் கற்றூண், அதுபோல் இதுவும் என்று எழுதிய ஐயா சொன்னது இலக்கணப்படி சரி. ஆனால் நான் கேட்டது வேறு: ‘மச் பிற்’ (match fit), அதாவது ஒரு முழு ஆட்டத்தையும் தாங்கி ஆடுகிற நிலை, அதற்குத் தமிழில் என்ன சொல்வது? அதனால் முதலிலிருந்து தொடங்குகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தில் ஒரு பெடியன், இடப்பக்கம் ஓடுகிறவன். போன வருடம் சீசன் தொடங்க முதல், பயிற்சியில் பின்துடைத் தசை (ஹாம்ஸ்ரிங்) பிடித்துவிட்டது. அது சோளகக் காற்று வீசுகிற வறண்ட காலம், மைதானம் சீமெந்துத் தரை மாதிரி இறுகிக் கிடந்தது. ஐந்து கிழமை இருந்துவிட்டு, வைத்தியரிடம் ஒரு துண்டு வாங்கி வந்தான்: ‘உடற்தகுதி உண்டு’. வைத்தியர் எழுதியதில் பிழையில்லை. நோ இல்லை, காலை நீட்டி மடக்க முடிந்தது. நாங்கள் அதை வாசித்த விதம்தான் பிழை. அந்த ஞாயிறே முழு ஆட்டத்துக்கும் இறக்கிவிட்டோம். இடைவேளைக்குப் பிறகு ஒரு நீளப் பந்துக்கு ஓடினான், பாதி வழியில் துடையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான். அதே கால், அதே இடம். மிச்ச சீசனுக்கு அவனுடைய வேலை கோட்டுக்கு வெளியே நின்று தண்ணீர்ப் போத்தல் எறிவதுதான்.

இந்த வருடம் வீரர்களுக்கு ஒரு படிவம் அடிக்கிறோம். தமிழில் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ‘பிற்’ (fit) என்று ஒரு கட்டம், ‘மச் பிற்’ என்று இன்னொரு கட்டம். முதலாவதற்கு உடற்தகுதி என்று எழுதிவிட்டேன். இரண்டாவதற்கு வந்ததும் பேனை நின்றுவிட்டது.

> ஆட்டத்தகுதி என்று போடுங்கள். உடற்தகுதி, ஆட்டத்தகுதி. இரண்டும் ஜோடியாக இருக்கும்.

சென்னை நண்பர் எழுதியது. காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு வில்லங்கம் ‘தகுதி’யோடுதான். தகுதி என்றால் உண்டு அல்லது இல்லை, நடுவில் ஒன்றும் கிடையாது. அறிவித்தல் பலகையில் ஒருவனுடைய பெயருக்கு நேரே ‘ஆட்டத்தகுதி இல்லை’ என்று எழுதிப் பாருங்கள். சிவப்பு அட்டை வாங்கித் தடையில் இருக்கிறான் என்றோ, வயதைக் குறைத்துப் பதிந்து பிடிபட்டான் என்றோதான் ஊர் வாசிக்கும். ‘உடற்தகுதி இழந்தார்’ என்று செய்தியில் வரும்போதும் எனக்கு அப்படித்தான் கேட்கிறது, பாவம் மனிதர் கால் நொந்து இருப்பார்.

மச் பிற் என்பது உண்டு-இல்லை விஷயம் இல்லை. அது கொஞ்சங்கொஞ்சமாக வரும், பாதி வரும், வந்த பிறகு இரண்டு கிழமை சும்மா இருந்தால் இறங்கும். ஒரு ஆட்டத்தில் ஒருவர் 10, 11 கிலோமீற்றர் ஓடுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தூரத்தை ரோட்டில் மெதுவாக ஓடி முடிக்கிறவன் எல்லாம் ஆட்டத்துக்கு ஆயத்தம் இல்லை. வெடித்து ஓடி, சடாரென்று நின்று, திரும்பி, மூச்சு வாங்க முதல் இன்னொருமுறை ஓடவேண்டும். 70ஆம் நிமிடத்திலும் அது வரவேண்டும். அதோடு, அடிபட்ட காலை நம்பி முழு வேகத்தில் வைக்கிற மனமும் வரவேண்டும். தனிய ஓடிப் பழகி இது வராது, ஆட்டத்துக்குள் நின்றுதான் வரும். சீசனுக்கு முதல் நட்புறவு ஆட்டங்களில் முதல் நாள் அரைமணி, அடுத்த நாள் ஒரு மணி என்று இறக்குவது அதற்குத்தான்.

அந்த ஆட்டங்களிலேயே அடிபடுவதும் உண்டு. எங்கள் பக்கத்து மன்செஸ்ரர் யுனைட்டட் ரசிகர்கள் 2024 யூலையை மறக்கமாட்டார்கள். லொஸ் ஏஞ்சல்ஸில் ஆர்சனலோடு நட்புறவு ஆட்டம். புதிதாக வாங்கிய லெனி யோரோவுக்குப் பாத எலும்பு முறிந்தது, அதே ஆட்டத்தில் ஹொய்லுண்டுக்குப் பின்துடை பிடித்தது. யோரோ முதன்முதலாகப் போட்டியில் இறங்கியது டிசெம்பர் 4ஆம் திகதி, அதுவும் அதே ஆர்சனலுக்கு எதிராக, மாற்று வீரராக. எலும்பு பொருந்திய நாளும் இறங்கிய நாளும் ஒன்றல்ல. நடுவில் அவர் எந்த நிலையில் இருந்தார்? ‘காயத்திலிருந்து மீண்டார்’ என்று எழுதினால், பிறகு ஏன் இறக்கவில்லை என்று தேநீர்க்கடையில் சண்டை வரும். வந்தது.

பின்துடைக் கதை இன்னும் மோசம். ஐரோப்பாவின் பெரிய கழகங்களில் 2001இலிருந்து காயங்களைக் குறித்துவருகிறது ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கமான யூஈஎப்ஏயின் ஆய்வு. அதில் 2001/02 சீசனில் மொத்தக் காயங்களில் 12 சதவீதமாக இருந்த பின்துடைக் காயம், 2021/22இல் 24 சதவீதமாகிவிட்டது. பின்துடைக் காயங்களில் 18 சதவீதம் திரும்ப வந்தவை. திரும்ப வந்தவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், ஆட்டத்துக்குத் திரும்பி இரண்டு மாதத்துக்குள் வந்திருக்கின்றன. எங்கள் பெடியனும் அந்தக் கணக்குக்குள்தான். ‘ஆறிவிட்டது’ என்பதற்கும் ‘ஆடலாம்’ என்பதற்கும் இடையில் இருக்கிற அந்த இடத்துக்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டும். நான் தேடுவது அதைத்தான்.

நான் வைக்கிற சொல்: ஆட்டப்பதம்.

என் அப்பா புகையிலைத் தோட்டம் செய்தவர். இலையைக் கையில் எடுத்து விரலால் உருட்டிப் பார்ப்பார். காய்ந்து நொறுங்கினால் ஆகாது, ஈரத்தில் புழுங்கினாலும் ஆகாது. ‘இன்னும் பதம் வரேல்லை’ என்பார். நாங்கள் அவசரப்பட்டால் ‘இலைக்கு உங்கடை அவசரம் தெரியாது’ என்று ஏச்சு விழும். சோற்றுக்குப் பதம், பாகுக்குப் பதம், உழுகிற நிலத்துக்குப் பதம். எல்லாவற்றிலும் ஒரே கருத்துத்தான்: தன் நேரத்தில் வரும், அவசரப்பட்டால் கெடும், விட்டால் தப்பிப்போகும். மச் பிற் என்பதும் இதுதானே. சொல்லமைப்புக்கு முன்மாதிரியும் உண்டு. ‘ஈரப்பதம்’ என்று சொல்கிறோம், எங்கள் பாடப்புத்தகத்தில் ‘ஈரப்பதன்’. அதே அச்சில் ஆட்டப்பதம்.

வசனத்தில் போட்டுப் பார்த்தேன். ‘ஆட்டப்பதத்துக்கு வந்துவிட்டான்.’ ‘பாதிப் பதம்தான், அரைமணிக்கு மேல் வேண்டாம்.’ ‘காயம் ஆறிவிட்டது, பதம் இன்னும் வரவில்லை.’ கடைசி வசனத்தைத் தகுதியை வைத்துச் சொல்லிப் பாருங்கள், நாக்கு தடக்கும்.

> ‘பதம் பார்த்தல்’ என்றால் அடித்து நொறுக்குவது அல்லவா? காயத்தைப் பற்றிய படிவத்தில் அந்தச் சொல்லா?

இது நல்ல எதிர்ப்பு, சிரித்துவிட்டேன். ‘பந்து முழங்காலைப் பதம் பார்த்தது’ என்று நானே ஆட்டச் செய்தியில் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தப் பொருள் ‘பார்த்தல்’ சேரும்போதுதான் வருகிறது. ‘பதம் வந்தது’ என்றால் யாரும் அடிதடி என்று நினைக்கமாட்டார்கள். ஆகவே பயிற்சியாளர் ‘உனக்குப் பதம் பார்க்கிறேன் வா’ என்று மட்டும் சொல்லாமல் இருந்தால் சரி. அதேபோல ‘வீரரைப் பதப்படுத்துதல்’ என்றும் எழுதவேண்டாம், ரின்மீன் ஞாபகம் வரும். ‘பதத்துக்குக் கொண்டுவருதல்’ போதும்.

பதம் வடசொல் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். 548ஆம் குறளில் எண்பதமும் தண்பதமும் இருக்கின்றன, நிலை என்ற பொருளில்தான். எனக்கு அது போதும்.

இன்னொருவர், ‘மச் பிற்’ என்றே விடலாமே, பெடியளுக்கு விளங்குகிறதுதானே என்கிறார். விளங்குகிறது என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம், பின்துடை இரண்டாம் முறை போகும்வரை. 1847இல் அமெரிக்க மிஷனிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்த சாமுவேல் கிறீன் வைத்தியர் இங்கே மானிப்பாயில் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழில் படிப்பித்தவர். உடற்கூற்றுக்கு ‘அங்காதிபாதம்’ என்று ஒரு சொல்லை எடுத்த அதே வட்டம், வேதியியலுக்கு ‘கெமிஸ்தம்’ என்று அப்படியே போட்டது. இரண்டையும் இன்று யாரும் சொல்வதில்லை. நான் சொல்வதும் நிற்காமல் போகலாம். அதற்காகக் கட்டத்தை வெறுமையாக விடமுடியாது.

மற்றச் சொற்களைக் கெதியாகச் சொல்லிவிடுகிறேன். ஹாம்ஸ்ரிங்குக்குப் பின்துடைத் தசை, இதில் சண்டை வேண்டாம். மூட்டு பிரண்டால் சுளுக்கு, தசை பிடித்தால் அல்லது கிழிந்தால் அது சுளுக்கு இல்லை. இரண்டையும் ஒரே சொல்லில் எழுதினால் பெடியன் பிடித்த தசையைப் போய் உருவிவிடக் கேட்பான். எலும்புக்கு முறிவு, அதற்கு எலும்பு பொருத்துகிற நாட்டு வைத்தியரான முறிவு நெரிவு வைத்தியரிடமே சொல் இருக்கிறது. முதல்நாள் பயிற்சி முடிந்து இரண்டாம் நாள் வருகிற நோவுக்கு எங்கள் ‘உளைவு’ அருமையான சொல், உளைவு காயமல்ல என்று படிவத்தின் அடியில் போடப்போகிறேன். ‘பயிற்சிச் சுமை’ சரி, ஆனால் அதோடு மேலாண்மை சேர்ப்பதா முகாமைத்துவம் சேர்ப்பதா என்று பாக்குநீரிணைக்கு இரண்டு பக்கமும் நின்று கத்த எனக்குத் தெம்பில்லை. ‘சுமை பார்த்து ஏற்றுதல்’ என்று எழுதிவிட்டேன்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து

---

அண்ணை, வணக்கம். நான் இயன்மருத்துவப் (பிசியோதெரப்பி) பக்கம்.

சொல்லுக்கு நான் ஆதரவு. ஒரு திருத்தம் மட்டும். உங்களுடைய படிவத்தில் இரண்டு கட்டம் போதாது, மூன்று வேண்டும். விளையாட்டு இயன்மருத்துவர்கள் 2016இல் வெளியிட்ட பேர்ன் இணக்க அறிக்கையும் திரும்பிவருவதை மூன்று படியாகத்தான் பிரிக்கிறது. முதலில் அளவோடு பயிற்சியில் சேர்வது, பிறகு தன் விளையாட்டுக்குத் திரும்புவது, கடைசியில் பழைய ஆட்டத்துக்கு வருவது. ‘காயம் ஆறியது’, ‘பயிற்சிக்கு வந்தான்’, ‘ஆட்டப்பதம்’ என்று போட்டால் பெடியளுக்கு விளங்கும்.

மூன்றாவது கட்டத்தில் சரி அடையாளம் போட விடாதேங்கோ. தகுதியை விட்டுப் பதத்துக்கு வந்ததே அது அளவு என்பதால்தானே? பிறகு அதையும் உண்டு-இல்லை என்று ஆக்கினால் பழைய கதைதான். ‘ஆட்டப்பதம்: ..... நிமிடம்’ என்று விடுங்கோ. 30, 60, 90 என்று கோச் எண்ணை எழுதட்டும், கிழமைக்குக் கிழமை மாற்றட்டும்.

பின்துடைக்கு நோர்டிக் பயிற்சி செய்விக்கிறீங்களோ? முழந்தாளில் நின்று, ஒருவர் கணுக்காலைப் பிடிக்க, மற்றவர் மெதுவாக முன்னுக்குச் சரிவது. ஒழுங்காகச் செய்த அணிகளில் பின்துடைக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கு. சாமான் ஒன்றும் தேவையில்லை. அதற்கும் ஒரு தமிழ்ப் பெயர் வைத்துத் தந்தால் நல்லது.

---

தங்கச்சி, நிமிடக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியே மாற்றிவிட்டேன், கட்டமும் மூன்றாகிவிட்டது. நோர்டிக்குக்கு ‘முழந்தாள் சரிவு’ என்று எழுதிவைத்திருக்கிறேன், வேறு யாராவது நல்லதாகச் சொன்னால் மாற்றலாம்.

படிவம் புதன்கிழமை அச்சுக்குப் போகிறது. தலைப்பில் ‘ப்ரீசீசன்’ என்பதற்குச் சென்னை நண்பர் தந்த ‘பருவமுன் பயிற்சி’ எங்களுடைய பெடியளுக்கு விதைப்புப் போலக் கேட்கிறது. செவ்வாய் இரவுக்குள் வேறு சொல் வராவிட்டால் ‘சீசனுக்கு முந்திய பயிற்சி’ என்றே அடிப்பேன்.