ஃபேன் நின்ன பிறகும் ஓடின கவுண்டர்: பல்ஸ் ஸ்கேலர் வேலையில உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

ஹட்டன் பெனல்காரன்

நடந்து கொஞ்ச காலம் ஆச்சு, இன்னும் மனசுல உறுத்துது. அதனாலதான் எழுதுறேன்.

ஹட்டன் பக்கம் ஒரு டீ பெக்டரி. கொழுந்து வாட்டுற ட்ரொஃப் ஃபேன்களுக்குத் தனி எனர்ஜி மீற்றர் போட்டு, கரண்ட் ஓட ஓட அது விடுற பல்ஸை (சின்ன மின் துடிப்பை) ஸ்கேலர் வழியா ஆபிஸ் கவுண்டருக்குக் கொண்டு போயிருந்தாங்க. ஸ்கேலர்னா உள்ள வர்ற பல்ஸைப் பெருக்கியோ வகுத்தோ வெளிய விடுற சின்னப் பெட்டி. மாலை 6.30 இலிருந்து இரவு 10.30 வரைக்கும் பீக் நேரம், யூனிட் விலை கூட. அந்த நேரம் ஃபேனை நிறுத்தணும்னு உத்தரவு. ட்ரொஃப்ல ராத்திரி வேலை பார்க்கிற அண்ணன் நிறுத்துறேன்னு சொல்றார், கவுண்டர் இல்லைங்குது. ஆபிசர் கவுண்டரைத்தான் நம்பினார். சம்பளத்துல பிடிக்கப் போறாங்கன்னு பேச்சு வந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டாங்க.

ஏழு மணி தாண்டிப் போனேன். மாடியில ஒரு ஃபேனும் ஓடல. மீற்றரோட லைட் சிமிட்டவே இல்ல. கீழ வந்து பெனல் கதவைத் திறந்தா, ஸ்கேலர்ல இன்புட் லைட் நடுங்கிக்கிட்டே இருக்கு, கவுண்டர்ல கடைசி இலக்கம் மெதுவா ஏறுது. அண்ணன் எனக்குப் பின்னால டோர்ச் பிடிச்சுக்கிட்டு நின்னார். "தம்பி, நான் நிறுத்தினேன்தானே? நீங்களே பார்த்தீங்கதானே?"ன்னு கேட்டார். அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு.

விஷயம் இதுதான். கொழுந்து கூடின காலம், அதனால அந்த நேரத்திலயும் ட்ரையர் ஓடுது. ட்ரையர் ஃபேன் விஎஃப்டியில (மோட்டர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற மின் கருவி). அந்த மோட்டர் கேபிளோட சேர்த்துக் கட்டித்தான் பல்ஸ் வயரையும் இழுத்திருக்காங்க. கேபிளோட நொய்ஸ் (மின் இரைச்சல்) பல்ஸ் வயர்ல ஏறி, ஸ்கேலர் அதையும் பல்ஸ்னு எண்ணியிருக்கு. ஸ்கேலர் இன்புட் 10 கிலோஹேர்ட்ஸ் வேகத்துல, அதாவது செக்கனுக்குப் பத்தாயிரம் பல்ஸ் வரைக்கும் எண்ணுற மாதிரி வச்சிருந்துச்சு. எனர்ஜி மீற்றர்ல இருந்து வர்ற பல்ஸ் குறைஞ்சது 30 மில்லிசெக்கன் அகலம். அதுக்கு எதுக்கு அந்த வேகம்? ட்ரையர் காலியாகுற வரைக்கும் காத்திருந்து (உள்ள தேயிலை இருக்கும்போது நிறுத்தினா கருகிடும்) ஃபேனை நிறுத்தச் சொன்னேன். இன்புட் லைட் அணைஞ்சுச்சு. இன்புட் ஃபில்டரை (ரொம்பக் குட்டையான துடிப்பை எண்ணாம விடுற செட்டிங்) குறைஞ்ச வேகத்துக்கு மாத்திட்டுத் திரும்பப் போடச் சொன்னேன், லைட் அசையல. மறுநாள் பல்ஸ் வயரை வேற பக்கமா இழுத்தோம்.

ஆபிசர் "சரி, இப்ப சரியா வருதுதானே"ன்னார். அண்ணன்கிட்ட யாரும் ஒரு வார்த்தை பேசல.

நானுஓயா வோட்டர் மீற்றர்

தம்பி, விஎஃப்டி பக்கத்துல இருந்தாலே நொய்ஸ்னு முடிவு கட்டிடக் கூடாது. மெஷின் நின்ன பிறகும் கவுண்டர் ஓடுறதுக்கு வேற காரணமும் உண்டு. நான் கண்ணால பார்த்தது.

பால் சேர்க்கிற இடம் ஒண்ணு. டேங்க் கழுவுற தண்ணிக்கு ஃப்ளோ மீற்றர், லீற்றருக்கு ஒரு பல்ஸ். கவுண்டருக்கு லீற்றருக்குப் பத்து வேணும்னு ஸ்கேலர்ல பத்தால பெருக்கி வச்சிருந்தாங்க. நிமிஷத்துக்கு 60 லீற்றர் போகுது, அப்படின்னா செக்கனுக்குப் பத்து பல்ஸ் வெளிய வரணும். ஆனா அவுட்புட் அகலம் 100 மில்லிசெக்கன், இடைவெளி இன்னொரு 100. செக்கனுக்கு அஞ்சுக்கு மேல அதால கொடுக்க முடியாது. மிச்சத்தை உள்ள சேர்த்து வச்சுக்கிட்டு, பிறகு ஒவ்வொண்ணா விடும். பத்து நிமிஷம் தண்ணி விட்டா, வால்வைப் பூட்டினதுக்குப் பிறகு இன்னும் பத்து நிமிஷம் கவுண்டர் ஓடும். காய்ஞ்ச பைப்பைத் தொட்டுக்கிட்டு, ஏறுற நம்பரைப் பார்த்துக்கிட்டு அந்த இடத்துப் பொடியன் நின்ன நிலை எனக்கு மறக்காது. பேய்னே நினைச்சுட்டான்.

அகலத்தை 20க்குக் குறைச்சேன், சரியாச்சு. ஆனா எல்லாரும் அப்படிக் குறைக்காதீங்க. பழைய டக்டக்னு ஓடுற மெகானிக்கல் கவுண்டரா இருந்தா 20 மில்லிசெக்கன்ல பல்ஸைத் தவற விட்டுடும். பிஎல்சின்னா (மெஷினை இயக்குற கொம்பியூட்டர்) ஸ்கேன் நேரத்தை, அதாவது எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை அது இன்புட்டைப் பார்க்குதுன்னு பாருங்க. இன்னொண்ணு, லீற்றருக்கு ஒரு பல்ஸ் கொடுக்கிற மீற்றரைப் பத்தால பெருக்கினா 100 மில்லிலீற்றர் கணக்குத் தெரியும்னு நினைக்கிறவங்க நிறையப் பேர். தெரியாது. உள்ள வராத தகவலை ஸ்கேலர் உண்டாக்காது.

ஹட்டன் பெனல்காரன்

அண்ணே, நீங்க சொல்றது பெருக்குறப்போ. நம்மது வகுக்குறது, 0.0125. அதாவது உள்ள 80 பல்ஸ் வந்தா வெளிய ஒண்ணு. வெளிய போற பல்ஸ் உள்ள வர்றதை விடக் குறைவு, சேர்ந்து நிக்க வழியே இல்ல. அதோட, சேர்த்து வச்சதை விட்டுக்கிட்டு இருந்தா அவுட்புட் லைட்தான் எரியும். நடுங்கினது இன்புட் லைட்.

பண்டாரவளை சிடி

0.0125ன்னு பார்த்ததும் இதை எழுதணும்னு தோணிச்சு. மீற்றர் யூனிட்டுக்கு 3200 பல்ஸ், சிடி (பெரிய கரண்டைச் சின்னதாக்கி மீற்றருக்குக் கொடுக்கிற டிரான்ஸ்போமர்) 200/5. அதாவது 200 அம்பியரை 5 ஆக்கும், 40 மடங்கு. 40ஐ 3200ஆல வகுத்தா 0.0125. சரியா?

எங்க பக்கத்து பெக்டரியில லோட் கூடிச்சுன்னு சிடியை 300/5 ஆக மாத்தினாங்க. ஸ்கேலரை ஒருத்தரும் தொடல. அதுக்குப் பிறகு மூணுல ஒரு பங்கு கரண்ட் கணக்குல வரவே இல்ல. புது ஃபேன் போட்டதால மிச்சம்னு மேல ரிப்போர்ட் போயிருக்கு. நான் கிளாம்ப் மீற்றரை (கேபிளைச் சுத்திப் பிடிச்சு கரண்ட் அளக்கிறது) போட்டுக் காட்டினப்போ மனேஜர் அந்த ரிப்போர்ட் தாளையும் மீற்றரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்துட்டார். பாவமா இருந்துச்சு.

இதுல இன்னொரு பொறி. புது ஃபெக்டர் (ஸ்கேலர்ல போடுற பெருக்கு எண்) 60/3200, அதாவது 0.01875. அவங்க ஸ்கேலர்ல தசமத்துக்குப் பிறகு நாலு இலக்கம்தான். 0.0188 போட்டா 10,000 யூனிட்டுக்கு 27 யூனிட் அளவுல கூடும், 0.0187 போட்டா அதே அளவு குறையும். நல்லவேளை அந்த மொடல்ல பெருக்கு எண்ணும் வகு எண்ணும் தனித்தனியாப் போடலாம். 3ஆல பெருக்கி 160ஆல வகுன்னு போட்டேன். பிசகே இல்ல.

மஸ்கெலியா மின்

2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்களே, அப்ப நடந்தது. ஃப்ளோ மீற்றர் பல்ஸை ஆயிரத்தால வகுக்கிற ஸ்கேலர். கரண்ட் போய் ஜெனரேட்டர் வர்ற ஒவ்வொரு தடவையும் உள்ள மிச்சமிருக்கிற எண்ணிக்கை பூச்சியமாகிடும். 999 பல்ஸ் ஏறி நிக்கிற நேரம் கரண்ட் போனா 999ம் போச்சு. கணக்கு குறையுதுன்னு தண்ணி பார்க்கிறவரைத் திட்டினாங்க.

பெனல்காரன் தம்பி, உங்க கதையைப் படிச்சுட்டு இதைச் சொல்லாம இருக்க முடியல. புதுசா வேலைக்கு வர்ற பிள்ளைகளுக்காகச் சொல்றேன். ஸ்கேலரைப் பூட்டின கையோட ஃபெக்டரைப் போட்டுட்டுப் போயிடாதீங்க. முதல்ல இன்புட் வகையைப் பாருங்க. மீற்றர்ல இருந்து வர்றது சுவிட்ச் மாதிரி வெறும் கொண்டெக்டா, டிரான்சிஸ்டரா? டிரான்சிஸ்டர்னா பிளஸ் மைனஸ் மாறினா பல்ஸே வராது. என்பிஎன் (டிரான்சிஸ்டர்ல ஒரு வகை) அவுட்புட்னா புல்அப் (பிளஸ் பக்கம் இழுத்து வைக்கிற ரெசிஸ்டர்) வேணும், ஸ்கேலருக்குள்ளயே இருக்கான்னு பாருங்க. ரெண்டாவது, ஃபெக்டரை 1ல வச்சுக்கிட்டு, வயரைக் கழட்டி, ஒரு துண்டு வயரால இன்புட் முனைகளைப் பத்துத் தடவை தொட்டு எடுங்க. பத்து ஏறணும். முப்பது நாப்பதுன்னு ஏறினா, வயர் தொடுறப்போ துள்ளுறதையும் அது எண்ணுது, ஃபில்டர் திறந்து கிடக்குன்னு அர்த்தம். ரீட் சுவிட்ச் (காந்தம் கிட்ட வந்தா மூடுற சுவிட்ச்) உள்ள வோட்டர் மீற்றர்லயும் இதே துள்ளல்தான். பிறகு வயரை மாட்டி, மெஷின் எல்லாம் ஓடுற நேரத்துல, அளக்கிற லோடை மட்டும் நிறுத்திட்டு, கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. ஒரு எண்ணும் ஏறக் கூடாது. அப்புறம்தான் ஃபெக்டர். கரண்ட் போனா மிச்சத்தை நினைவுல வைக்கிற மொடலான்னு புத்தகத்துல பாருங்க, இல்லைன்னா ஒரு சின்ன டிசி யூபிஎஸ் (கரண்ட் போனா பட்டரியில ஓட்டுறது) போடுங்க. நம்ம பக்கம் ஏப்ரல்லயும் ஒக்டோபர், நவம்பர்லயும் பின்னேர இடி இருக்கு. ஒரு கட்டடத்துல இருந்து இன்னொரு கட்டடத்துக்கு வயர் போகுதுன்னா சர்ஜ் (திடீர்னு பாயுற மின் அழுத்தம்) பாதுகாப்பு இல்லாம விடாதீங்க. அப்புறம் ஷீல்டு (பல்ஸ் வயரைச் சுத்தி நொய்ஸைத் தடுக்கிற உலோக உறை), ரெண்டு பக்கமும் நல்லா எர்த் பண்ணுங்க.

நானுஓயா வோட்டர் மீற்றர்

எல்லாம் சரி, கடைசி வரி மட்டும் சரியில்ல. ரெண்டு பக்கமும் எர்த் பண்ணுறது விஎஃப்டியில இருந்து மோட்டருக்குப் போற கேபிள் ஷீல்டை. பல்ஸ் வயர் ஷீல்டை ஒரு பக்கம் மட்டும். ரெண்டு கட்டடத்து எர்த்தும் ஒரே அளவுல இருக்காது, ஷீல்டு வழியாவே கரண்ட் ஓடும். கடைசியில அதுவே நொய்ஸ் ஆகும்.

லிந்துலை தங்கச்சி

என் அப்பா ட்ரொஃப்ல ராத்திரி வேலை செஞ்சவர். அந்த அண்ணன் சம்பளத்தை வெட்டினாங்களா இல்லையான்னு யாரும் கேக்கலையே?

ஹட்டன் பெனல்காரன்

வெட்டல தங்கச்சி. அன்னைக்கு ராத்திரியே லொக் புத்தகத்துல எழுதினேன்: எத்தனை மணிக்கு ஃபேன் நின்னிருந்துச்சு, மீற்றர் நின்னிருந்துச்சு, கவுண்டர் மட்டும் எவ்வளவு ஏறிச்சுன்னு. ஆபிசர்கிட்டயே கையெழுத்து வாங்கி, அந்தப் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து அண்ணனுக்கும் அனுப்பினேன். கவுண்டரை வச்சு ஒருத்தரைக் குற்றம் சொல்ற இடத்துல வேலை செய்றவங்க இதைக் கட்டாயம் செய்யுங்க. நாம சரி பண்ணிட்டு வந்துடுவோம், அங்க இருக்கப் போறவர் அவர்.

ஷீல்டு விஷயத்துல நானுஓயா அண்ணன் சொல்றதுதான் சரி. நாங்க ஸ்கேலர் பக்கம் மட்டும்தான் எர்த் பண்ணினோம், மீற்றர் பக்கத்து முனையை வெட்டி டேப் சுத்தி விட்டாச்சு.