'மலிவுப் பாதை' வேண்டாம், 'எளிவழி' போதும்

வணக்கம்.

தொல்லியல் கலைச்சொற்களுக்குத் தமிழ் தேடி ஐயா அனுப்பிய பட்டியலில், 'லீஸ்ட் காஸ்ட் பாத்' (least cost path) என்பதற்கு 'மலிவுப் பாதை' என்று இருக்கிறது. கடலூர்க்காரனான எனக்குத் துறைமுகத்து மீன் விலைதான் நினைவுக்கு வந்தது. இந்தக் காஸ்ட் காசு இல்லை. வரைபடத்தை 30 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கடக்க எவ்வளவு பாடு என்று ஓர் எண் கொடுக்கிறோம். மேடு, சேறு, ஆறு வந்தால் எண் ஏறும். கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும் வழியைக் கணினி தேடித் தருகிறது. அப்படிப்பட்ட வழிகள் பல வந்து கூடும் இடத்தில் பல்லவர், சோழர் காலத்து வணிக ஊர் இருந்திருக்கலாம் என்று அங்கே போய்ப் பானை ஓடு தேடுகிறோம்.

நம் பக்கத்தையே பாருங்கள். புதுச்சேரிக்குப் பக்கத்துப் பழந்துறைமுகமான அரிக்கமேடு என்றாலே 1945இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் வீலர் தோண்டியதும் ரோமானியப் பானைகளும்தான் பேச்சு. சீன மண்கலங்களும் சோழர் காசும்கூட அங்கே கிடைத்திருக்கின்றன. அங்கிருந்து கடலூருக்கு வழி கேட்டால், சரிவை மட்டும் பார்த்து நடைவேகம் சொல்லும் டோப்ளர் (Tobler) சூத்திரம் ஏறக்குறைய நேர்கோடு போட்டுவிடும். தரை அவ்வளவு தட்டை. ஆனால் குறுக்கே தென்பெண்ணை இருக்கிறதே! சித்திரையில் மணலில் இறங்கி நடக்கலாம். கார்த்திகையில் வண்டிமாட்டை வைத்துக்கொண்டு துறை தேடி மேற்கே ஏற வேண்டியதுதான். தூரம் கூடும், பாடு குறையும்.

அதனால் 'குறுவழி'யும் சரிப்படாது. 'குறைசெலவு வழி' பக்கம் மனசு கொஞ்சம் சாய்ந்தது. செல் என்பதிலிருந்து வந்த செலவுக்குப் பயணம் என்பதுதானே பழைய பொருள்? அகப்பாடல் துறைகளில், தலைவன் பயணத்தைத் தள்ளிப்போடுவதற்குச் 'செலவழுங்குதல்' என்றே பெயர் உண்டு. ஆனால் இன்றைக்குப் படிப்பவர் பணம் என்று எடுத்துக்கொள்வார். பழம்பொருள் தெரிந்தவரோ குறுகிய பயணம் என்று எடுத்துக்கொள்வார். இரண்டு பக்கமும் அடி.

என் ஓட்டு 'எளிவழி'க்கு. எண் கொடுத்த அந்தக் கட்டப் படத்துக்குச் சொல்லும் 'காஸ்ட் சர்ஃபேஸ்' (cost surface), தடைப்பரப்பு ஆகட்டும். முதலில், அருமை என்றால் கடினம் என்ற பழம்பொருளை வைத்து, 'நடையருமைப் பரப்பு' என்று எழுதியிருந்தேன். வீட்டில் படித்துக் காட்டியபோது "யாருடைய நடை அருமை?" என்று கேட்டார்கள். அடித்துவிட்டேன்.

'பெருவழி' என்று யாராவது சொல்வதற்கு முன்பே ஒரு வார்த்தை. அது மக்கள் உண்மையிலேயே நடந்த சாலை. தருமபுரிப் பக்கத்து அதியமான் பெருவழிக் கல்லில் நாவற்தாவளம் என்ற ஊருக்கு 29 காதம் என்று வெட்டி, எழுத்தறியாதவருக்காகக் குழிகளும் போட்டிருக்கிறார்கள். கணினி தருவது ஊகம். ஒரே படத்தில் இரண்டையும் வரையும்போது ஒரே பெயர் இருந்தால் குழப்பம்தான். அந்தக் கல்லிலிருந்து எடுக்க வேண்டியது 'தாவளம்' என்ற சொல்லை. வணிகர் தங்கும் இடத்துக்கு அதைவிட நல்ல சொல் ஏது? 'நகரம்' அந்தக் காலத்தில் வணிகர் அவையைக் குறித்தது. இன்று எழுதினால் யாரும் அப்படிப் படிக்க மாட்டார்கள்.

அப்புறம், ஆறு பருவத்துக்குப் பருவம் மாறுவதால் பரப்பும் இரண்டாக வேண்டும். கோடைத் தடைப்பரப்பு, மாரித் தடைப்பரப்பு என்று ஒட்டிப் பார்த்தேன். சொல் தாங்குகிறது.