மழைக்காலத்துல கெமிஸ்ட்ரி லேப்ல கிரிக்னார்ட் ரியாக்‌ஷன் போட்டவங்க இருக்கீங்களா?

அட்வான்ஸ்டு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி படிச்சவங்க உங்க லேப் கதைய சொல்லுங்கப்பா, மொதல்ல என்னோடது. ரங்கூன்ல மாஸ்டர்ஸ். வீட்ல தமிழ், ரோட்ல பர்மீஸ், புக்கும் பரீட்சையும் இங்கிலீஷ், அதனால பி.எஸ்சி வரைக்கும் புரிஞ்சாலும் புரியலன்னாலும் நெட்டுரு போட்டே தாண்டிட்டேன். மாஸ்டர்ஸ்ல வந்த சயாமா (பர்மீஸ்ல டீச்சரம்மா) மொத நாளே என்னைய போர்டுக்கு கூப்பிட்டு எலக்ட்ரான் எங்கேருந்து எங்க போகுதுன்னு அம்பு போடச் சொன்னாங்க, நான் தலைகீழா பிளஸ்லேருந்து மைனஸுக்கு போட்டேன், க்ளாஸே சிரிச்சுது.

அத விடுங்க. ஜூலை மாசம், வெளிய கொட்டு கொட்டுன்னு மழை, லேப் ஷீட்ல கிரிக்னார்ட், அதாவது மக்னீசியத்த வச்சு கார்பனோட கார்பன ஒட்ட வைக்கிற ரியாக்‌ஷன். புரோமோபென்சீன், மக்னீசியம், டிரை ஈதர், அப்புறம் பென்சோஃபீனோன் சேர்த்தா ட்ரைஃபினைல் மெத்தனால், படிக்க நாலே வரி. ஆனா ஈரம் இருந்தா ரியாக்‌ஷன் ஸ்டார்ட்டே ஆகாது, அப்படியே ஸ்டார்ட் ஆனாலும் தண்ணி பட்ட வரைக்கும் பென்சீனா போயிடும். எங்களுக்கு கரண்ட் இல்ல, ஓவன் செத்துப் போச்சு, கண்ணாடி குப்பிய அசிட்டோன் ஊத்தி அலசி கையால ஆட்டி காய வச்சோம். ரெண்டு மணி நேரம், மக்னீசியம் போட்டது போட்டபடி அடியில கெடக்கு. மறுநாளும் அதே கூத்து.

வீட்ல பொலம்பினா அம்மா உப்பு ஜாடிய காட்டி, மழைன்னா அதுல நாலு அரிசி போட்டு வைக்கிறோம்ல, உன் குப்பிக்கு அப்படி ஒண்ணும் இல்லையான்னு கேட்டாங்க. இருக்கு, உள்ள வர்ற காத்தோட ஈரத்த உறிஞ்சுற கால்சியம் குளோரைடு கார்டு ட்யூப். நான் அத ஏதோ ஒப்புக்கு மாட்டியிருந்தேன், உள்ள இருந்த உப்பே பழசாகி கட்டி தட்டிப் போய் கெடந்துச்சு.

மூணாவது தடவ கரண்ட் இருக்கும்போதே விடியக்காலைல போய் எல்லாத்தையும் ஓவன்ல வச்சு எடுத்து, புது கால்சியம் குளோரைடு ரொப்பி, ஒரு அயோடின் துணுக்கு போட்டு, கண்ணாடி கம்பியால மக்னீசியத்த நசுக்கினேன். பிரவுன் கலர் மெதுவா வெளிறுச்சு, கலங்குச்சு, அடுத்த நிமிஷம் அடுப்பே இல்லாம ஈதர் தன்னால கொதிக்குது! கொதிச்சது நிக்கவே இல்ல, பயந்து போய் கீழ டீக்கடைல ஐஸ் வாங்க ஓடுனேன், கடைக்காரர் ஏதோ விருந்துன்னு நெனச்சிருப்பார். கடைசில வெள்ளை கிரிஸ்டல், உருகுநிலை 158லேருந்து 161.

—

மாண்டலே அக்கா: தம்பி, எங்க ஊர்ல ஈரம் பிரச்சனையே இல்ல, வெயில்தான். ஈதர் 35 டிகிரில கொதிக்கும், ஏப்ரல்ல எங்க ரூமே அதுக்கு மேல. பாட்டில் மூடிய தெறந்தா புஸ்ஸுன்னு சீறும். ஐஸ்ல வச்சுட்டுத்தான் தெறப்போம், பக்கத்துல ஒரு தீக்குச்சி கூட கூடாது.

மோல்மின்காரன்: லேப் ஓகே, வுட்வர்ட் ஹாஃப்மன் ரூல்தான் என் உசுர வாங்குச்சு, அதான் எந்த ரியாக்‌ஷன் சூட்டுல நடக்கும், எது வெளிச்சத்துல நடக்கும்னு சொல்ற ரூல். 1981 நோபல்ல ஹாஃப்மன் பேரு இருக்கு, வுட்வர்ட் 1979லயே போயிட்டார், பாவம். டீல்ஸ் ஆல்டர் மாதிரி வளையம் கட்டுற கேஸுக்கு எங்க செட்ல ஒரு கணக்கு வச்சிருந்தோம், ரியாக்‌ஷன்ல பங்கெடுக்குற எலக்ட்ரான எண்ணி நாலால வகு, ரெண்டு மிஞ்சுனா சூடு, மிஞ்சலன்னா வெளிச்சம். டீல்ஸ் ஆல்டர்ல ஆறு, அதான் சூடு பண்ணா போதும்.

போஸ்ட் போட்ட நான்: அய்யோ அண்ணே, இத அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா, நான் அந்த ரூல் டேபிள முழுசா நெட்டுரு போட்டேன்!