பெங்களூரு–சென்னை வழியில் மின்கம்பிச் சாலை வரும்வரை லாரி வாங்காமல் பொறுக்கலாமா?

பொம்மசந்திரா லாரி உரிமையாளர்:
சொந்த ஊர் சங்ககிரி. பொம்மசந்திரா தொழிற்பேட்டையிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றுகிறேன். பழைய டீசல் வண்டி ஒன்றை மாற்ற வேண்டும். கடனை அடைத்து முடிப்பதற்குள் நெடுஞ்சாலைக்கு மேலே மின்கம்பி வந்துவிடும், லாரிக்கு ஓட்டுநரே தேவைப்படாது என்கிறான் என் மகன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வாங்கலாமா?

மின்பொறியாளர், எலக்ட்ரானிக் சிட்டி:
வாங்குங்கள் ஐயா. மின்கம்பிச் சாலை கற்பனை இல்லை. ஸ்வீடன் 2016-இல் இ16 நெடுஞ்சாலையில் 2 கி.மீ. தூரத்துக்குக் கட்டிச் சோதித்தது; ஜெர்மனி 2019-இல் பிராங்பர்ட் அருகே ஏ5 சாலையில் தொடங்கியது. ரயில் எஞ்சினுக்கு இருப்பது போல, மேலே உள்ள கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் பேன்டோகிராஃப் என்ற கை லாரியின் கூரையில் இருக்கும். முன்னால் போகும் வண்டியை முந்த வேண்டுமானால் அந்தக் கை கம்பியை விட்டு இறங்கிக்கொள்ளும். அப்போது பேட்டரியோ டீசலோ இழுக்கும். ஓடும்போதே மின்னேற்றம் ஆவதால் சிறிய பேட்டரி போதும், மிச்சமாகும் எடைக்குச் சரக்கு ஏற்றலாம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. சிக்கல் செலவில்தான். போதிய லாரிகள் ஓடாத சாலையில் தூணும் துணைமின்நிலையமும் அமைக்க யாரும் பணம் போடமாட்டார்கள். கம்பி இல்லாத வழியில் ஓட்ட அந்த லாரியை நீங்களும் வாங்கமாட்டீர்கள். நம் வழித்தடத்துக்கு, நிறுத்தி மின்னேற்றும் லாரிகளே முதலில் வரும் என்பது என் கணிப்பு.

ஓசூர் சாலைப் பயணி:
அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் வேமோ என்ற நிறுவனம் 2020 முதலே ஓட்டுநர் இல்லாத கார்களில் பொதுமக்களை ஏற்றுகிறது. 2025-இல் உங்கள் பொம்மசந்திராவுக்கு வந்த மஞ்சள் வழித்தட மெட்ரோவும் ஓட்டுநரின்றி இயங்கும்படி வடிவமைக்கப்பட்டதே. அதன் தண்டவாளத்தில் குறுக்கே யாரும் வருவதில்லை. அத்திப்பள்ளியில் எதிர்த்திசையில் ஏறி வரும் மோட்டார் சைக்கிளுக்கு என்ன செய்வது? ஓட்டுநர்களின் வேலை பறிபோகும் என்பதால் ஓட்டுநர் இல்லாத கார்களை அனுமதிக்க மாட்டோம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் கட்கரியும் 2017-இலேயே கூறிவிட்டார்.

ஓய்வுபெற்ற ஓட்டுநர், கே.ஆர்.புரம்:
தம்பி, இதே வழியில் வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவன் நான். வாணியம்பாடி தாண்டி மழையில் தார்ப்பாய் அவிழ்ந்தால் இறங்கிக் கட்ட ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு என்ன செய்யப் போகிறோம் என்று பேசுங்கள். வேலூர் வெயிலில் பகலெல்லாம் வெந்தவனுக்கு விடியற்காலையில் கண் சொருகத்தான் செய்யும். 2025 அக்டோபர் முதல் தயாராகும் கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயம். எங்கள் காலத்தில் கிடைக்காத வரம் அது. புது வண்டி எடுக்கும்போது, தடம் விலகினால் எச்சரிக்கும் கருவியும் தானாகப் பிடிக்கும் பிரேக்கும் எந்த மாடலில் உண்டு என்று கேட்டு, விலை கூடினாலும் அதையே எடுங்கள்.